நெக்ஸான் இவி, ரெண்டு வருஷத்துக்கு அப்புறம்: வண்டிய விட பிளக் பாயிண்ட் பத்திதான் பேசணும்

2023 கடைசில வாங்கின டாடா எலக்ட்ரிக் கார், லாங் ரேஞ்ச் மாடல், 40.5 யூனிட் பேட்டரி. ஓடோ 30,000-ஐ நெருங்குது. சென்னைல தாம்பரம் பக்கம் பிளாட், சொந்த ஊர் திருச்சி தாண்டி ஒரு கிராமம், ஸோ சிட்டி, ஹைவே ரெண்டும் நல்லாவே ஓட்டியாச்சு. பிக்கப், சைலன்ஸ், டச் ஸ்க்ரீன் எல்லாம் யூடியூப்ல ஆயிரம் பேர் சொல்லிட்டாங்க, அத விட்டுடுறேன். ஃபுல் சார்ஜுக்கு 465 கிமீன்னு கம்பெனி போட்டது லேப் டெஸ்ட் கணக்கு. ஏசி போட்டு 90ல போனா 250 கிட்ட வரும், 110ல மிதிச்சா 220தான், இது எந்த இவி-க்கும் இருக்கற கதைதான்.

வாங்கப்போற ஆளுங்க கேக்க வேண்டிய கேள்வி வேற. உங்க பார்க்கிங்ல உங்க மீட்டர்ல இருந்து ஒரு லைன் இழுக்க முடியுமா? முடியும்னா பாதி டென்ஷன் அங்கேயே முடிஞ்சுது. எங்க பிளாட்ல மீட்டர் போர்டுல இருந்து என் ஸ்லாட்டுக்கு கேபிள் இழுக்க அசோசியேஷன் சம்மதிக்கவே மாசக்கணக்குல ஆச்சு, தீ பிடிச்சா யார் பொறுப்புன்னு ஒரே கேள்வி, இத்தனைக்கும் அதே பேஸ்மெண்ட்ல 20 பெட்ரோல் டேங்க் நிக்குது. கடைசில ஓவர்லோட் ஆனாலோ கரண்ட் லீக் ஆனாலோ தானா கட் பண்ற தனி எம்சிபி, ஆர்சிசிபி ஸ்விட்ச் எல்லாம் போட்டு எலக்ட்ரீஷியன் கையெழுத்தோட லெட்டர் குடுத்தப்புறம்தான் ஓகே சொன்னாங்க. 2024 பிப்ரவரில மத்திய அரசு மின் நுகர்வோர் விதிய திருத்தி, இவி சார்ஜிங்குக்குன்னே தனி கனெக்‌ஷன் கேட்டு வாங்கலாம்னு கொண்டு வந்தாங்க, அசோசியேஷன் மீட்டிங் போறவங்க அத பிரிண்ட் எடுத்துட்டு போங்க.

இப்ப ஈபி பில். இத யாரும் முன்னாடியே சொல்றதில்ல. எங்க வீட்டுல ரெண்டு மாசத்துக்கு 400 யூனிட் சுத்தி வரும், வண்டி வந்தப்புறம் 700. நம்ம ஊர் ஸ்லாப்ல 500 தாண்டினா கீழ் ஸ்லாப்ல கிடைச்ச சலுகையும் போயிடும், மேல 501ல இருந்து 600 வரை 8.55, 601ல இருந்து 800 வரை 9.65. அதனால "யூனிட் அஞ்சு ரூபா, கிலோமீட்டர் எம்பது பைசா"ன்னு சேல்ஸ்மேன் போடுற கணக்க நம்பாதீங்க. எனக்கு கூடுதலா வர்ற யூனிட் ஒவ்வொண்ணும் சராசரி 9 ரூபா ஆகுது, கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபா. அப்பவும் பெட்ரோல் வண்டிக்கு ஆகுற ஏழு ரூபாய்க்கு இது எங்கயோ கீழதான், ஆனா ஏற்கனவே ரெண்டு ஏசி ஓடுற வீடுன்னா பில்லு வர்ற அன்னைக்கு வீட்ல பேச்சு வாங்க ரெடியா இருங்க.

ஊர்ல நடந்தது தனி காமெடி. அம்மா வீட்டு 15 ஆம்ப் பிளக்ல சார்ஜர சொருகினா செவப்பு லைட், சார்ஜே ஏறல. வண்டிதான் போச்சுன்னு நெனச்சு சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டா அவங்க கேட்ட மொத கேள்வி "சார், வீட்ல எர்த் சரியா இருக்கா?" பழைய வீடு, எர்த் கம்பி துருப்பிடிச்சு எப்பவோ அறுந்து கெடந்திருக்கு, இத்தன வருஷம் ஃப்ரிட்ஜும் கிரைண்டரும் எர்த்தே இல்லாம ஓடிருக்கு! எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து கொல்லைல புதுசா குழி தோண்டி, பைப் எறக்கி, உப்பும் கரியும் மாத்தி மாத்தி கொட்டி தண்ணி ஊத்தினார், அப்புறம் பச்சை லைட். அம்மாக்கு ஒரே சந்தோசம், கார் வந்ததால வீடு சேஃப் ஆச்சாம்.

ஹைவே சார்ஜிங்தான் இன்னும் தலைவலி. சென்னை டு திருச்சி 330 கிமீ, ஒரு ஸ்டாப் கண்டிப்பா வேணும். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை பக்கம் சார்ஜர் நெறைய வந்திருச்சு, 2023ல இருந்ததுக்கு இப்ப எவ்வளவோ பரவால்ல. ஆனா ஆப்ல பச்சையா காட்டுறது நேர்ல போனா செத்து கெடக்கும். ஒரு தடவ சார்ஜர் ஸ்டார்ட்டே ஆகல, கஸ்டமர் கேர்ல அரை மணி நேரம் போராடினப்புறம் பாத்தா யாரோ அந்த செவப்பு எமர்ஜென்சி பட்டன அமுக்கிட்டு போயிருக்காங்க, அத திருகி வெளிய எடுத்தா ஓடுது, அவ்வளவுதான் மேட்டர். இன்னொன்னு, 60 கிலோவாட்னு போர்டு இருக்கும், ரெண்டு கன் (வண்டில சொருகுற கேபிள்) இருக்கும், பக்கத்துல இன்னொரு வண்டி வந்து சொருகினா ஆளுக்கு 30ன்னு பிரிஞ்சிடும், நம்ம ஒரு மணி நேர பிளான் இன்னும் இழுக்கலாம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆப், ஒவ்வொரு ஆப்லயும் ஒரு வாலட், அதுல நம்ம காசு தூங்கிட்டு இருக்கும். ரேட்டும் யூனிட்டுக்கு 20 ரூபா, சில எடத்துல அதுக்கும் மேல, அதுல 18 பர்சன்ட் ஜிஎஸ்டி வேற. வண்டிக்கு 5 பர்சன்ட் போட்டுட்டு சார்ஜிங்குக்கு 18 போடுறது என்ன லாஜிக்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. ஹைவேல மட்டுமே ஓட்டுறவங்களுக்கு கிலோமீட்டர் நாலு ரூபா ஆகிடும்.

ஹைவேல 20 கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன்னு பவர் மினிஸ்ட்ரி கைட்லைன்ஸ் இருக்கு, பிஎம் இ-டிரைவ்னு மத்திய அரசோட இவி திட்டத்துல பப்ளிக் சார்ஜருக்கு மட்டும் 2,000 கோடி ஒதுக்கிருக்காங்க. நல்ல விஷயம்தான், ஆனா எத்தன சார்ஜர் வெச்சோம்னு எண்ணுற மாதிரி, மாசத்துல எத்தன நாள் அது வேலை செஞ்சுதுன்னு எண்ணி அதுக்கு காசு குடுத்தா தேவல.

நான் வாங்கினப்போ கணக்கு ஈஸியா இருந்துச்சு. தமிழ்நாட்டுல அப்ப இவி-க்கு ரோட் டாக்ஸ் கிடையாது, பத்துல இருந்து இருவது லட்சம் வரைக்கும் உள்ள பெட்ரோல் வண்டிக்கு 18 பர்சன்ட்னு 2023 நவம்பர்ல ஏத்திட்டாங்க, அந்த மிச்சத்துலயே வெல வித்தியாசம் பாதி அடிபட்டுச்சு. 2025 செப்டம்பர்ல சின்ன பெட்ரோல் கார் ஜிஎஸ்டி 18க்கு எறங்கினப்புறம் அந்த இடைவெளி மறுபடி பெருசாயிடுச்சு. மாசம் ஆயிரம் கிமீக்கு கீழ ஓட்டுறவங்க, வீட்ல பிளக் இல்லாதவங்க இப்போதைக்கு பெட்ரோலே வாங்குங்க, வருத்தப்பட மாட்டீங்க. மத்தவங்க புக் பண்றதுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியன கூப்ட்டு எர்த் செக் பண்ணிட்டு புக் பண்ணுங்க.