இன்ஸ்டால் கைடில் ‘எக்ஸ்ட்ரா-இண்டெக்ஸ்-யுஆர்எல்’ இருக்கிறதா? ஓட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

காசு கொடுத்து வாங்கிய பைத்தான் லைப்ரரிக்குப் பதிலாக, யாரென்றே தெரியாத ஒருவரின் கோட், எங்கள் மென்பொருளைத் தானாகத் தொகுக்கும் பில்ட் சர்வரில் ஓடியிருக்கிறது. ஓட்டச் சொன்னது அதை விற்ற நிறுவனத்தின் கைடுதான்.

கைடில் இருந்தது ஒரே வரி. பிப் இன்ஸ்டால், --எக்ஸ்ட்ரா-இண்டெக்ஸ்-யுஆர்எல், அவர்கள் சர்வர் முகவரி, பேக்கேஜ் பெயர். பிப் என்பது பைத்தான் பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் கருவி; அந்த ஆப்ஷன், வழக்கமான இண்டெக்ஸோடு (பேக்கேஜ்கள் கிடைக்கும் சர்வர்) இன்னொன்றிலும் தேடச் சொல்வது. நெடுநாள் சிக்கலில்லாமல் ஓடியது. திடீரென்று ஒருநாள் பில்ட் உடைந்தது. லாகைத் திறந்தால், வழக்கமாக 2.4 வெர்ஷன் இறங்குகிற இடத்தில் 99.0.0 இறங்கியிருக்கிறது. முன்பே பில்ட் செய்யப்பட்ட வீல் ஃபைல் இல்லை, சோர்ஸ் கோட் அடங்கிய டார்.ஜிஇசட். வந்த இடம் அவர்கள் சர்வர் அல்ல, பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான பைபிஐ!

பலரும் நினைப்பதுபோல, அந்த ஆப்ஷன் ‘முதலில் இங்கே தேடு, கிடைக்காவிட்டால் அங்கே போ’ என்று சொல்வதில்லை. பிப்புக்கு இரண்டு இண்டெக்ஸும் சமம். எதில் பெரிய வெர்ஷன் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். லைப்ரரியின் பெயர் பைபிஐயில் காலியாகக் கிடந்தால், யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் 99.0.0 போட்டுவிடலாம். டார்.ஜிஇசட் என்றால் இன்னும் மோசம். அதிலுள்ள செட்டப்.பிஒய் இன்ஸ்டால் ஆகும்போதே ஓடிவிடும், நாம் இம்போர்ட் செய்யவே தேவையில்லை. பில்ட் சர்வரின் என்விரான்மென்ட் வேரியபிள்களில் என்னென்ன டோக்கன் (பிற சேவைகளுக்குள் நுழையும் ரகசியச் சாவி) இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எல்லாவற்றையும் ரத்து செய்து புதிதாகப் போட்டோம்.

சப்போர்ட்டில் கேட்டால், ‘உங்கள் பக்க செட்டிங் பிரச்சினை’ என்றார்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பாதுகாப்பு ஆய்வாளர் அலெக்ஸ் பிர்சன் இதே வழியில் 35க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குள் நுழைந்து காட்டியது 2021 பிப்ரவரியில் வெளிவந்தது. 2022 டிசம்பர் கடைசியில் பைடார்ச் என்ற மெஷின் லேர்னிங் லைப்ரரியின் நைட்லி (தினசரிச் சோதனை வெர்ஷன்) பயனர்களுக்கும் இதுவே நடந்தது. டார்ச்ட்ரைட்டான் என்ற பெயரில் பைபிஐயில் ஏற்றப்பட்ட போலி, எஸ்எஸ்எச் சாவி (சர்வர்களுக்குள் நுழையும் சாவி) வரை அள்ளிக்கொண்டு போனது. பைடார்ச் உடனே வெளிப்படையாக அறிவித்து, பேக்கேஜின் பெயரையே மாற்றியது. பிப்பின் ஆவணமும் பிரைவேட் பேக்கேஜுக்கு இந்த ஆப்ஷன் பாதுகாப்பற்றது என்று நேரடியாகச் சொல்கிறது. விற்பவர் பைபிஐயில் அந்தப் பெயரை ஒரு வெற்றுப் பேக்கேஜால் பிடித்து வைத்திருந்தாலே எங்களுக்கு இது நடந்திருக்காது.

இப்போது எங்களிடம் ஒரே இண்டெக்ஸ்தான்: பேக்கேஜ்களை இடைநின்று வாங்கித் தரும் எங்கள் சொந்த ப்ராக்ஸி சர்வர். எந்தப் பெயர் எங்கிருந்து வரவேண்டும் என்பது அதில் எழுதப்பட்டிருக்கிறது. ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் எல்லாவற்றுக்கும் ஹாஷ் (ஃபைலின் கைரேகை), கூடவே அது பொருந்தாவிட்டால் நிறுவ மறுக்கும் --ரிக்வயர்-ஹாஷஸ், வீல் ஃபைலை மட்டும் ஏற்கும் --ஒன்லி-பைனரி. ப்ராக்ஸி வைக்க வசதியில்லாதவர்கள் பிப்புக்கு மாற்றான யூவி (uv) கருவியைப் பாருங்கள். பெயர் முதலில் கிடைக்கும் இண்டெக்ஸோடு அது நின்றுவிடும், அதுதான் அதன் இயல்பான அமைப்பு.

அந்த நிறுவனம் கைடில் வரியைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டது. வாடிக்கையாளர்களுக்கு ஒரு மெயில்கூடப் போகவில்லை. பழைய வரி டாக்கர்ஃபைல்களிலும் சிஐ ஸ்கிரிப்ட்களிலும் பிப்.கான்ஃப்களிலும் அப்படியேதான் இருக்கும். இன்றைக்கே உங்கள் ரெப்போ எல்லாவற்றிலும் அந்த ஆப்ஷனை கிரெப் கமாண்டால் தேடிப் பாருங்கள்.