ஒரு மோட்டாரா, இரண்டா: எல்எம்எஸ்-ன் ஆரம்பகால ஷண்டிங் டீசல்கள்

ரயில் பெட்டிகளைத் தள்ளிப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங் யார்டில் நிலக்கரி இன்ஜின் பாதி நேரம் சும்மா நின்றே கரியைத் தின்னும். அதனால் பிரிட்டனின் லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வே (எல்எம்எஸ்) 1930-களில் டீசலுக்குத் திரும்பியது. ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த், ஹாதார்ன் லெஸ்லி என்ற இரு கம்பெனிகளிடம் பத்துப் பத்து வண்டிகள் வாங்கி ஓட்டிப் பார்த்தது. இரண்டுமே டீசல்-எலக்ட்ரிக் (டீசல் இன்ஜின் மின்சாரம் தயாரிக்கும், அதில் ஓடும் மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும்), ஆறு சக்கரம், சுமார் 350 குதிரைத்திறன்.

வித்தியாசம் அடியில்தான். ஆம்ஸ்ட்ராங்கில் ஒரே பெரிய மோட்டார். அது சக்கரமே இல்லாத ஒரு தண்டைச் சுழற்றும். அந்தத் தண்டிலிருந்து ராடு வழியாகச் சக்கரங்களுக்கு விசை போகும். இதற்கு ஜாக்‌ஷாஃப்ட் என்று பெயர். ஹாதார்ன் லெஸ்லியில் இரண்டு சின்ன மோட்டார்கள், முன் அச்சில் ஒன்று, பின் அச்சில் ஒன்று. நடு அச்சை ராடு இழுத்துக்கொள்ளும்.

பெரிய மோட்டாருக்கு ஒரு நியாயம் உண்டு. ஷண்டிங்கில் நத்தை வேகத்தில் கனமான வண்டிகளைத் தள்ளும்போது மோட்டார் சூடேறும். அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே இடுக்கில் கிடக்கும் சின்ன மோட்டாருக்கு மூச்சுவிட இடமில்லை. டீசல் இன்ஜின் விஷயத்தில், ஹாதார்ன் லெஸ்லி வண்டிகளில் இருந்த இங்கிலிஷ் எலக்ட்ரிக் கம்பெனியின் இன்ஜின்தான் ஜெயித்தது. ஆம்ஸ்ட்ராங் 1937-லேயே ரயில் இன்ஜின் தொழிலை விட்டுவிட்டது. ஆனால் 1939-லிருந்து எல்எம்எஸ் தன் டெர்பி பட்டறையில் கட்டிய நாற்பது வண்டிகளிலும் அந்த இங்கிலிஷ் எலக்ட்ரிக் இன்ஜினோடு ஜாக்‌ஷாஃப்டைச் சேர்த்தார்கள். இரு தரப்பிலும் நல்லதைப் பொறுக்கியதாக நினைத்திருப்பார்கள்.

என்னைக் கேட்டால் அது சுற்றுவழி. கூடுதல் தண்டு, கூடுதல் ராடு, கூடுதல் பேரிங், எல்லாமே தேய்கிற சாமான்கள். அப்புறம் 1945-ல் டெர்பியே மனம் மாறி இரண்டு மோட்டாருக்குத் திரும்பியது. இந்த முறை பற்சக்கரத்தில் இரண்டு கட்டமாக வேகத்தைக் குறைத்தார்கள். வண்டி ஊர்ந்தாலும் மோட்டார் வேகமாகச் சுழலலாம், சூடு அடங்கும். உச்ச வேகம் குறைந்தாலும், மணிக்கு இருபது மைல் ஷண்டிங்குக்குத் தாராளம்.

அந்த ஏற்பாடுதான் பிற்பாடு 996 வண்டிகள் கட்டப்பட்ட பிரிட்டிஷ் ரயில்வேயின் ஷண்டிங் டீசலான கிளாஸ் 08 வரை வந்தது. ஹாதார்ன் லெஸ்லி கட்டிய வண்டிகளில் 7069 என்ற எண் கொண்டது, 1940-ல் பிரிட்டிஷ் படையோடு பிரான்ஸுக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டது. பல வருடம் கழித்து ஊர் திரும்பி, இன்று பாதுகாக்கப்பட்டு நிற்கிறது.