நாலு வருடத்துக்கு எழுதிக் கொடுப்பதா, வருடா வருடம் பார்த்துக்கொள்வதா? அமெரிக்கச் சீருடைப் பல் மருத்துவர்களின் தக்கவைப்பு போனஸ்

அமெரிக்கப் படைகளில் பல் மருத்துவராக இருப்பவருக்கு, படிப்புக்காகக் கொடுக்க வேண்டிய ஆண்டுகள் தீர்ந்ததும் ஒரு தாள் வந்து சேரும். இன்னும் 2, 3 அல்லது 4 ஆண்டு இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால், ஒவ்வோர் ஆண்டும் ஒரு தொகை மொத்தமாகக் கையில் வரும். இதுதான் ரிடென்ஷன் போனஸ், அதாவது தக்கவைப்பு போனஸ். எத்தனை ஆண்டுக்குப் போடுவது, போடாமலே இருப்பதா, வெளியே போய்விடுவதா, சீருடையை மாற்றிக்கொள்வதா என்று அப்போது நாலு வழிகள் எதிரே நிற்கும். பெரும்பாலோர் ஆண்டுத் தொகையை மட்டும் வைத்து இவற்றை ஒப்பிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எந்த ஆண்டுகளை விற்கிறோம் என்பதுதான் முதல் கேள்வி. எப்படியும் இருக்கப்போகிற ஆண்டுகளை விற்றால் வந்ததெல்லாம் லாபம். போயிருக்க வேண்டிய ஆண்டுகளை விற்றால் அதன் விலையை வேறு விதமாகப் போட வேண்டும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராணுவத்தின் பல் மருத்துவப் பிரிவு 1911-இலும் கடற்படையின் பிரிவு 1912-இலும் தொடங்கின. விமானப்படைக்கும் தனிப் பிரிவு உண்டு. மரீன் படையினரின் பல்லைக் கடற்படை டாக்டர்களே பார்க்கிறார்கள். இவை தவிர பப்ளிக் ஹெல்த் சர்வீஸ் என்ற பொதுச் சுகாதாரச் சேவையின் அதிகாரிகள் படையான கமிஷன்ட் கோர் இருக்கிறது. துப்பாக்கி கிடையாது, ஆனால் சீருடையும் கடற்படைப் பாணிப் பதவிகளும் உண்டு. பழங்குடியினருக்கான இந்தியன் ஹெல்த் சர்வீஸ், மத்தியச் சிறைகள், கடலோரக் காவல்படையான கோஸ்ட் கார்டு ஆகிய இடங்களில் இவர்கள் வேலை பார்க்கிறார்கள்.

முன்பு சிறப்பு ஊதியங்கள் அறுபதுக்கும் மேல் சிதறிக் கிடந்தன. 2008-ஆம் நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டம் அவற்றை 8 வகைகளாகச் சுருக்கியது. மருத்துவத் துறையினருக்கானது சட்டத் தொகுப்பின் 37-ஆம் தலைப்பு, 335-ஆம் பிரிவு. அதில் சேர்க்கை போனஸ், தக்கவைப்பு போனஸ், ஊக்க ஊதியம், சிறப்புத் துறை வாரியத்தின் தகுதிச் சான்று வைத்திருப்பவருக்கான போர்டு சான்று ஊதியம் என்று நாலு உருப்படி. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

2, 3, 4: எது எவ்வளவு?

என் அக்கா மகள் கடற்படையில் பல் டாக்டர். "மாமா, ரெண்டு வருஷத்துக்கும் நாலு வருஷத்துக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? கொஞ்சம்தானே கூட வருது" என்று ஒரு நாள் கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். பட்டியலில் பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

தொகைகள் சிறப்புப் பிரிவுக்குப் பிரிவு மாறும், பட்டியலும் புதுப்பிக்கப்படும். அதனால் கணக்குக்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். 2 ஆண்டு ஒப்பந்தத்துக்கு ஆண்டுக்கு 13,000 டாலர், 3 ஆண்டுக்கு 19,000, 4 ஆண்டுக்கு 25,000. ஒப்பந்தம் நீண்டால் எல்லா ஆண்டுகளின் தொகையும் கூடும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் சூட்சுமம். மொத்தம் போட்டுப் பாருங்கள்: 2 ஆண்டுக்கு 26,000. 3 ஆண்டுக்கு 57,000. 4 ஆண்டுக்கு 1,00,000.

ஆக, மூன்றாவது ஆண்டைச் சேர்ப்பதால் கிடைப்பது 19,000 இல்லை, 31,000. நாலாவது ஆண்டைச் சேர்ப்பதால் கிடைப்பது 43,000. பட்டியலில் 25,000 என்று போட்டிருக்கும் ஆண்டின் உண்மையான விலை அது. "இரண்டு இரண்டாகப் போட்டுக்கொள்கிறேன், நடுவில் மனசு மாறினால் போகலாம்" என்று நினைப்பவர் அதே 4 ஆண்டில் 52,000 வாங்குவார். நடுவில் ஒரு முறை யோசிக்கும் சுதந்திரத்துக்கு அவர் கொடுக்கும் விலை 48,000 டாலர். சிலருக்கு அந்தச் சுதந்திரம் அவ்வளவு பெறும். கணவர் வேறு ஊரில் ரெசிடென்சி என்ற மருத்துவ நிபுணர் பயிற்சியில் இருக்கிறார், அது முடியும் இடம் தெரியவில்லை என்றால் நானும் இரண்டு ஆண்டோடு நிறுத்துவேன்.

3 ஆண்டு ஒப்பந்தம் இந்தக் கணக்கில் நோஞ்சான் பிள்ளை. அது பொருந்துகிற இடம் ஒன்றுதான்: 17 ஆண்டு முடித்தவரை, ஓய்வூதியம் கிடைக்கிற 20-க்குச் சரியாகக் கொண்டுபோய் விடும்.

போடாமலே இருப்பதும் ஒரு தேர்வு. அப்போதும் ஊக்க ஊதியம் வரும், அதற்கு ஓராண்டு எழுதிக் கொடுத்தால் போதும். போர்டு சான்று இருந்தால் அதற்கான தொகையும் வரும். ஓராண்டில் கிளம்பப்போவது உறுதி என்றால் இதுவே சரி. "யோசித்துக்கொண்டே இருக்கிறேன்" என்று மூன்று நாலு வருடம் இப்படியே ஓட்டுகிறவர்கள்தான் அதிகம் இழப்பவர்கள். இருந்ததும் இருந்தார்கள், காசும் வாங்கவில்லை.

காசு முன்னால், கடமை பின்னால்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். நாலு டாக்டரில் மூன்று பேர் தடுக்கி விழுகிற இடம் என்று எனக்குத் தோன்றுவது இது.

பலர் படைகள் தரும் ஹெச்.பி.எஸ்.பி. என்ற உதவித்தொகையில் பல் மருத்துவம் படித்திருப்பார்கள். 4 ஆண்டு உதவி வாங்கினால் 4 ஆண்டு சேவை பாக்கி. அப்புறம் படைக்குள்ளேயே எண்டோடான்டிக்ஸ் (பல் வேர்ச் சிகிச்சை), ப்ராஸ்தோடான்டிக்ஸ் (செயற்கைப் பல்) என்று சிறப்புப் படிப்புக்குப் போனால் அதற்குத் தனிப் பாக்கி ஏறும். தக்கவைப்பு போனஸுக்கான தகுதி பழைய சட்டத்திலேயே இப்படி இருந்தது: படிப்புப் பாக்கி தீர்ந்திருக்க வேண்டும், அல்லது கணக்கில் வரும் சேவை 8 ஆண்டாவது இருக்க வேண்டும். அந்த "அல்லது" முக்கியம். பாக்கி இருக்கும்போதே 8 ஆண்டு ஆனவர் போனஸுக்குக் கையெழுத்துப் போட முடியும்.

போட்டால் என்ன ஆகும்? பணம் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து வரத் தொடங்கும். ஆனால் போனஸுக்கான 4 ஆண்டு, ஏற்கெனவே இருக்கும் படிப்புப் பாக்கி தீர்ந்த மறுநாள்தான் ஓடத் தொடங்கும். 3 ஆண்டு பாக்கியோடு ரெசிடென்சி முடித்தவர் அன்றே 4 ஆண்டு போனஸ் போட்டால், அவர் வாசலைத் தாண்ட 7 ஆண்டு. பணம் வருவது முதல் 4 ஆண்டில். பிறகு மூன்று வருடம் போனஸ் இல்லாமல் அந்தக் கடனைக் கழிக்க வேண்டும், அல்லது இன்னொரு ஒப்பந்தம் போட்டு வாசலை இன்னும் தள்ளிவைக்க வேண்டும். முப்பத்தைந்து வயதில் போட்ட கையெழுத்து நாற்பத்திரண்டு வரை பிடித்துவைக்கும்.

இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். 20 ஆண்டு முடிப்பது என்று தீர்மானித்தவருக்கு இது நல்ல ஏற்பாடு, பணம் சீக்கிரம் வருகிறது. தீர்மானிக்காதவர் பாக்கி தீரும்வரை பொறுப்பதே மேல்.

பொது பல் டாக்டராகவே 4 ஆண்டு போனஸ் போடுவதா, முதலில் ரெசிடென்சி போய்விட்டு நிபுணராகப் போடுவதா என்பது இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வி. நிபுணர்களுக்குத் தொகை அதிகம். வாயறுவை நிபுணர்களுக்கு மேலும் அதிகம். ஆனால் அந்த வித்தியாசத்துக்காக ரெசிடென்சிக்குப் போகாதீர்கள். வெளியே போனாலும் கூடவே வரப்போகிற தகுதி என்பதற்காகப் போங்கள். படைச் சம்பளத்தோடு, கல்லூரிக் கட்டணம் கட்டாமல் நிபுணர் ஆவது இந்த ஒப்பீட்டில் உள்ள எந்த போனஸையும் விடப் பெரியது.

16 ஆண்டு ஆனவருக்கு இது கேள்வியே இல்லை

பழைய ஓய்வூதிய முறையில் 20 ஆண்டுக்கு, உச்சத்தில் வாங்கிய 36 மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் 50 சதவீதம். 2018 ஜனவரி முதல் வந்த கலப்பு முறையில் 40 சதவீதம், கூடவே சேமிப்புத் திட்டத்தில் அரசின் பங்காக அடிப்படைச் சம்பளத்தில் 5 சதவீதம் வரை. அடிப்படைச் சம்பளம் மாதம் 11,000 டாலர் என்று வைத்தால் ஓய்வூதியம் 5,500 அல்லது 4,400. நாற்பதுகளின் நடுவில் தொடங்கி ஆயுள் முழுக்க, விலைவாசிக்கு ஏற்ப ஏறிக்கொண்டே வரும். 16-ஆம் ஆண்டில் இதை விட்டுப் போகிறவர் அபூர்வம். அப்படியிருக்க 4 ஆண்டு போனஸ் அவருக்குச் சும்மா கிடைக்கிற பணம். ஒன்று மட்டும்: போனஸ் ஓய்வூதியக் கணக்கில் சேராது. அடிப்படைச் சம்பளம் மட்டுமே சேரும்.

பிள்ளைகள் இருந்தால் இன்னொரு வேலையையும் அதே வாரத்தில் முடித்துவிடலாம். போஸ்ட்-9/11 ஜி.ஐ. பில் கல்வி உதவியைப் பிள்ளைக்கு மாற்ற, 6 ஆண்டு சேவை முடித்து மேலும் 4 ஆண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். எப்படியும் 4 ஆண்டுக்குக் கட்டுப்படப்போகிறவர் அதைத் தள்ளிப்போட்டு, பிறகு தனியாக 4 ஆண்டு எழுதிக் கொடுப்பதைவிடப் பெரிய அசட்டுத்தனம் இல்லை.

வெளியே என்ன இருக்கிறது?

அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2020-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 27 மருத்துவ, பல் மருத்துவச் சிறப்புப் பிரிவுகளை எடுத்துப் பார்த்ததில், 21-இல் படை கொடுக்கும் அதிகபட்ச ரொக்க ஊதியம்கூடத் தனியார் துறையின் நடுமதிப்பை எட்டவில்லை. ரொக்கத்தில் ஒப்பிட்டால் நிபுணருக்கு வெளியேதான் லாபம். பொது பல் டாக்டருக்கு அவ்வளவு தெளிவாக இல்லை. வரியில்லாத வீட்டுப்படி, குடும்பத்துக்கு டிரைகேர் என்ற படை மருத்துவக் காப்பீடு, சொந்தச் செலவில் வழக்குக் காப்பீடு எடுக்க வேண்டாத நிலை எல்லாவற்றையும் கூட்டினால் இடைவெளி சுருங்கும். கிளினிக்கைச் சொந்தமாக வாங்குகிறவர் கதை வேறு. அங்கே வருமானத்துக்கு மேல்வரம்பு இல்லை, கடனுக்கும் இல்லை.

கார்ப்பரேட் பல் மருத்துவச் சங்கிலிகளும் சேர்க்கை போனஸ், தக்கவைப்பு போனஸ் என்று கொடுக்கின்றன. தாளில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே இருக்கும் வித்தியாசம் பெரியது. அங்கே பிடிக்கவில்லை என்றால் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுநாள் போகலாம். பக்கத்து ஊரில் கிளினிக் போடக் கூடாது என்ற நிபந்தனை மட்டும் துரத்தும். சீருடையில் "இந்தாங்க உங்க காசு, நான் போறேன்" என்பது நடக்காது. நீங்கள் விற்றது உங்கள் ஆண்டுகளை, அவர்கள் விட்டால்தான் போக முடியும். லைசென்ஸ் பறிபோனது, ஒழுங்கு நடவடிக்கை என்று உங்கள் தரப்புக் காரணத்தால் ஒப்பந்தம் முறிந்தால், சேவை செய்யாத காலத்துக்கான தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். திவால் ஆனாலும், ஒப்பந்தம் முறிந்து 5 ஆண்டுக்குள் வந்த திவால் தீர்ப்பு அந்தக் கடனை அழிக்காது என்று சட்டத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். சேவையில் இறந்தாலோ, தன் தவறின்றி உடல் முடங்கினாலோ விதிவிலக்கு உண்டு.

இன்னொன்றும் அந்தத் தாளில் இருக்காது: ஊர். எத்தனை ஆண்டு என்று இருக்கும், எங்கே என்று இருக்காது. கலிபோர்னியாவின் சான் டியேகோவில் உட்கார்ந்து போட்ட கையெழுத்தை ஜப்பானின் ஒகினாவாவில் கழிக்க நேரலாம்.

பப்ளிக் ஹெல்த் சர்வீஸ் பக்கம்

ஊர்தான் முக்கியம் என்பவருக்கு இது பிடிக்கும். சம்பள அட்டவணை ஒன்றே, 20 ஆண்டு ஓய்வூதியம் ஒன்றே, போனஸுக்கான சட்டப் பிரிவும் ஒன்றே. ஆனால் இங்கே அதிகாரி பெரும்பாலும் காலியிடத்தைத் தானே தேடி விண்ணப்பிக்கிறார். அலாஸ்காவோ அரிசோனாவோ தெரிந்தே போகலாம். போர்முனை இல்லை, அவசரநிலை வந்தால் அழைப்பு உண்டு, 2014-இல் எபோலாவுக்காக லைபீரியா போனார்கள். படைகளின் ஹெச்.பி.எஸ்.பி. உதவித்தொகை இங்கே இல்லை என்பதால், படிப்புக் கடனோடு வருகிறவர்கள் அதிகம். பல் மருத்துவப் பட்டதாரிகளின் சராசரிக் கடன் 3 லட்சம் டாலரை ஒட்டி இருக்கும் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

அதனால் இவர்கள் ஒப்பிட வேண்டியது போனஸை மட்டும் இல்லை. இந்தியன் ஹெல்த் சர்வீஸ் கடனடைப்புத் திட்டம் ஆரம்ப 2 ஆண்டு சேவைக்கு 50,000 டாலர் வரை கடனைக் கட்டுகிறது. 120 தவணை கட்டியபின் மீதி மத்தியக் கடனைத் தள்ளுபடி செய்யும் 2007-ஆம் ஆண்டுத் திட்டமும் அரசுப் பணியில் இருப்பவருக்குப் பொருந்தும், சீருடை இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதே கிளினிக்கில், அதே நாற்காலிக்குப் பக்கத்தில், சீருடையில்லாத சிவில் பல் டாக்டரும் நிற்பார். அவருக்கும் கடனடைப்பு உண்டு, இடமாற்ற உத்தரவு கிடையாது. ஆனால் அவருடைய ஓய்வூதியம் ஆண்டுக்கு 1 சதவீதக் கணக்கு. 20 ஆண்டு உழைத்தால் 20 சதவீதம், 62 வயதில் ஓய்வு பெற்றால் 22. சீருடைக்காரருக்கு 40. ஐந்தாறு ஆண்டில் கிளம்பப்போகிறவர் சிவிலாகச் சேர்வது நல்லது. இருபது இருக்கப்போகிறவர் சிவிலில் சேர்ந்தால் பாதியை விட்டுவிடுகிறார்.

கையெழுத்துக்கு முன்

போனஸில் மத்திய வரிக்காக 22 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். போர்ப் பகுதியில் இருக்கும்போது கையெழுத்துப் போட்டால் வரியே இல்லை என்று ஒரு பேச்சு உலவும். அது சாதாரண வீரர்களுக்கு உண்மை. அதிகாரிகளுக்கு மாத உச்சவரம்பு உண்டு, பல் டாக்டர்கள் எல்லோரும் அதிகாரிகள். பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

அடுத்த பட்டியலில் தொகை கூடினால் என்ன செய்வது என்ற பயத்தில் காத்திருக்க வேண்டியதில்லை. நடப்பு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, அப்போதைய விகிதத்தில் புதிதாகப் போட வழி இருக்கிறது. புதிய காலம் பழையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்க வேண்டும், அவ்வளவுதான். அக்கா மகளுக்கு நான் சொன்னது வேறு. போனஸ் பிரிவுக்குப் போகும் முன் பணியாளர் பிரிவில் கேட்டு, படிப்புப் பாக்கி முடியும் தேதியை எழுத்தில் வாங்கிக்கொள். அவளுடைய தேதி அவள் நினைத்ததற்குப் பதினான்கு மாதம் தள்ளி இருந்தது.