அஃறிணையிலிருந்து உயர்திணைக்கு: ‘டிஸ்ட்ரிக்ட் 9’ திரைப்பட மதிப்புரை

ஒரு தகரக் குடிசையின் வாசலில் அலுவலர் ஒருவர் நிற்கிறார். அவர் கையில் கிளிப் வைத்த அட்டையும் அதில் செருகிய படிவமும் இருக்கின்றன. பின்னால் துப்பாக்கி ஏந்திய காவலர்கள் நிற்கிறார்கள். கதவைத் திறக்கும் வேற்றுக்கிரகவாசிக்கு அந்தத் தாள் எதற்கு நீட்டப்படுகிறது என்பது விளங்கவில்லை. எரிச்சலில் அது அட்டையைத் தட்டிவிட, தாளின் மேல் ஒரு கீறல் விழுகிறது. அலுவலர் அதை எடுத்துப் பார்த்து, இதுவே கையெழுத்துக்குச் சமம் என்று நிறைவடைந்து அடுத்த குடிசைக்கு நகர்கிறார். நீல் புளோம்காம்ப் இயக்கி 2009இல் வெளிவந்த ‘டிஸ்ட்ரிக்ட் 9’ படத்தில் சில நொடிகளே வரும் காட்சி இது. அறிபுனைத் திரைப்படங்கள் சமூகத்தைப் பற்றிப் பேசுவதற்கு எத்தனையோ வழிகளைக் கையாண்டிருக்கின்றன. இந்தக் கீறலைவிடக் கூர்மையான ஒன்றை நான் கண்டதில்லை.

முதல் பத்தியில் அந்த வேற்றுக்கிரகவாசியை ‘அது’ என்று எழுதியிருக்கிறேன். தவறி அப்படி எழுதவில்லை. மக்களைச் சுட்டினால் உயர்திணை, மற்றவை அஃறிணை என்று தொல்காப்பியம் வகுத்த மொழியில் இந்தப் படத்தைப் பற்றி எழுதும் எவரும், ஒவ்வொரு வினைமுற்றிலும் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். படத்தை முதல்முறை பார்த்துவிட்டு நண்பருக்குக் கதை சொன்னபோது, தொடக்கத்தில் ‘வந்தது’, ‘தின்றது’ என்று சொல்லிக்கொண்டிருந்த நான், எந்த இடம் என்று உணராமலே ‘வந்தார்’, ‘அழுதார்’ என்று மாறிவிட்டிருந்தேன். அந்த மாற்றத்தை ஒரு மேடைப்பேச்சுகூட இல்லாமல் படம் எப்படி நிகழ்த்தியது என்று தெரிந்துகொள்ளவே அதை மீண்டும் பார்த்தேன்.

கதை எளியது. 1982இல் ஒரு மாபெரும் விண்கலம் ஜோகன்னஸ்பர்க் நகரத்தின் மேல் வந்து அசையாமல் நிற்கிறது. உள்ளே போகும் மனிதர்கள், பட்டினியால் வாடிக் கிடக்கும் பெருங்கூட்டத்தைக் காண்கிறார்கள். அவர்களை இறக்கி, கலத்துக்கு நேர் கீழே முகாம் அமைக்கிறார்கள். முகாமைச் சுற்றி வேலி எழுகிறது. ஆண்டுகள் கடக்கக் கடக்க அது சேரியாகிறது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, நகரத்தாரின் வெறுப்பு முற்றிய நிலையில், 18 லட்சம் பேரையும் நகரத்திலிருந்து வெகுதூரத்தில் உள்ள கூடார முகாமுக்கு மாற்றும் பொறுப்பு ஒரு பன்னாட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்படுகிறது. அந்த வேலையை முன்னின்று நடத்த நியமிக்கப்படுபவர்தான் கீறலைக் கையெழுத்தாக்கிய விக்கஸ் வான் டெ மெர்வ. தென்னாப்பிரிக்காவில் சொல்லப்படும் நகைச்சுவைத் துணுக்குகளில் அசட்டு மனிதருக்கு வழக்கமாகச் சூட்டப்படும் குடும்பப்பெயர் வான் டெர் மெர்வ; அந்த நாட்டவருக்குப் பெயரைக் கேட்டவுடனேயே ஆளின் சாயல் பிடிபட்டுவிடும்.

படத்தின் தலைப்பு எங்கிருந்து வந்தது என்பதை அறிந்து பார்ப்பது நல்லது. கேப்டவுன் நகரின் ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ பல இனத்தவரும் கலந்து வாழ்ந்த பகுதி. 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டத்தின்படி, 1966 பிப்ரவரி 11 அன்று அது வெள்ளையர்களுக்கு மட்டுமே உரிய பகுதியாக அறிவிக்கப்பட்டது. 1982க்குள் 60,000க்கும் மேற்பட்டோர் அங்கிருந்து பெயர்க்கப்பட்டு, கேப் ஃபிளாட்ஸ் என்ற மணற்பாங்கான வெளிக்குத் துரத்தப்பட்டார்கள். வீடுகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. அங்கே இன்றுள்ள அருங்காட்சியகத்தில், இடிபாடுகளிலிருந்து காப்பாற்றப்பட்ட பழைய தெருப்பெயர்ப் பலகைகள் தொங்குகின்றன. இதே சட்டம்தான் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் காய்கறி பயிரிட்டு வாழ்ந்த இந்தியக் குடும்பங்களையும் கிளப்பி, சாட்ஸ்வொர்த் போன்ற புறநகர்களில் கொண்டுபோய் அடைத்தது. ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்களில் அடக்கம். ஆகவே விக்கஸ் நீட்டும் படிவம் எங்கோ ஒரு கற்பனை நாட்டின் தாள் என்று நாம் தள்ளிவைக்க முடியாது.

ஆனால் இதை நிறவெறிக் கால உருவகக் கதை என்று மட்டும் படிப்பவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். ஜோகன்னஸ்பர்கில் பிறந்து பதினெட்டு வயதில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த புளோம்காம்ப், இந்தப் படத்துக்கு முன்னோடியாக ஒரு குறும்படம் எடுத்தார். அதற்காகத் தெருவில் சந்தித்த கறுப்பின மக்களிடம், அண்டை ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். வந்த பதில்களை வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிய பதில்களாகப் படத்தில் வைத்தபோது, ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. 2008 மே மாதத்தில் ஜோகன்னஸ்பர்கின் அலெக்சாண்ட்ரா பகுதியில் வந்தேறிகளுக்கு எதிரான வன்முறை மூண்டு நாடெங்கும் பரவி, 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. அந்த ஆண்டிலேயே சொவெட்டோவின் சியாவெலோ பகுதியில் ‘டிஸ்ட்ரிக்ட் 9’ படப்பிடிப்பு நடந்தது. அரசு கட்டிக்கொடுத்த வீடுகளுக்கு மக்கள் மாற்றப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அவர்கள் விட்டுச்சென்ற குடிசைகளையே நாம் திரையில் காண்கிறோம். கிறிஸ்டோபர் என்ற பாத்திரத்தின் குடிசை மட்டுமே படத்துக்கென்று கட்டப்பட்டது. துரத்தப்பட்ட ஒருவரின் பிள்ளை இன்னொருவரைத் துரத்த ஆயத்தமாக நிற்பதுதான் இந்தப் படத்தின் உண்மையான துயரம். நகரத்தார் அந்த உயிரினங்களுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் ‘இறால்’. அந்தச் சொல்லைச் சொல்லும் வாய்களில் எல்லா நிறத்தவரின் வாய்களும் உண்டு.

இனி கதைசொல்லும் முறைக்கு வருகிறேன். முதல் அரைமணி நேரம் படம் ஆவணப்படம்போல நடிக்கிறது. நேர்காணல்கள், தொலைக்காட்சிச் செய்தித் துணுக்குகள், கண்காணிப்புக் கேமராப் பதிவுகள், நிறுவனம் தன் பெருமைக்காகத் தானே எடுத்துக்கொண்ட காட்சிகள் எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. சமூகவியலாளர்களும் செய்தியாளர்களும் விக்கஸைப் பற்றி இறந்தகாலத்தில் பேசுவதால், அவருக்கு ஏதோ கேடு வரப்போகிறது என்பது முன்பே தெரிந்துவிடுகிறது. இந்தப் பகுதியில் பெரும்பாலும் கேமரா காவலர்களின் தோளுக்குப் பின்னால்தான் நிற்கிறது. குடிசைக்குள் இருப்பவரின் பக்கத்திலிருந்து வாசலை அரிதாகவே பார்க்கிறது. முட்டைகள் நிறைந்த ஒரு கொட்டகையைக் கண்டுபிடித்துத் தீவைக்கச் செய்யும் விக்கஸ், அவை வெடிக்கும் ஓசை சோளப்பொரி பொரிவதுபோல இருக்கிறது என்று கேமராவைப் பார்த்து உற்சாகமாக விளக்குகிறார். அவர் கொடியவராகப் பேசவில்லை என்பதே அந்தக் காட்சியின் கொடுமை. வேலையை ஒழுங்காகச் செய்யும் ஒருவரின் பெருமிதம் அவர் குரலில் இருக்கிறது.

வருவாய்த்துறையிலோ நீதிமன்றத்திலோ பணியாற்றியவர்களுக்கு ‘சார்பு செய்தல்’ என்ற அலுவலகச் சொல் பழக்கமானது. உரியவர் கையில் அறிவிப்பைச் சேர்ப்பித்ததற்குச் சான்று இருந்தால், சட்டத்தின் கண்ணில் அந்த அறிவிப்பு சார்பு செய்யப்பட்டதாகிவிடும்; அதைப் பெற்றவருக்குப் படிக்கத் தெரிந்ததா, போக்கிடம் இருந்ததா என்பன அந்தக் கோப்புக்குள் நுழையாத கேள்விகள். புளோம்காம்ப் இதை நன்றாக அறிந்திருக்கிறார். தாளை உண்மையிலேயே வாசித்துப் பார்க்கும் ஒரே ஆள் கிறிஸ்டோபர் ஜான்சன் என்ற வேற்றுக்கிரகவாசிதான். காலி செய்யச் சொல்ல இருபத்துநான்கு மணிநேர அவகாசம் தர வேண்டாமா என்று அவர் கேட்கும்போது, அதுவரை புன்னகை மாறாத விக்கஸின் முகம் மாறுகிறது. சட்டம் தெரிந்த எதிராளியிடம் சட்டம் செல்லாது என்றானதும், குழந்தையைப் பிரித்துக்கொண்டு போய்விடுவோம் என்ற மிரட்டல் வெளிவருகிறது. விக்கஸ் கொடுக்கும் மிட்டாயைக் குழந்தை அவர் மேலேயே திருப்பி எறிகிறது. என் எழுத்தில் ‘அவர்’ நுழையும் இடம் இதுதான்.

கிறிஸ்டோபருக்கு ஏன் ஆங்கிலப் பெயர் என்பதைப் படம் விளக்குவதில்லை. பதிவேட்டில் எழுதுவதற்காக யாரோ சூட்டிய பெயர் என்றே எனக்குத் தோன்றுகிறது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வைத்த பெயரால்தான் ரோலிலாலா மண்டேலா உலகுக்கு நெல்சன் ஆனார் என்பதை நினைத்துக்கொண்டால், இந்தச் சிறு விவரம் கனக்கத் தொடங்கும்.

இதற்கிடையே படம் ஓசைப்படாமல் ஒரு விதியை மீறியிருக்கிறது. கிறிஸ்டோபரும் அவர் மகனும் மட்டும் தனித்திருக்கும் இடங்களில் எந்தச் செய்திக்குழுவும் இருந்திருக்க முடியாது. ஆனாலும் கேமரா அங்கே இருக்கிறது. ஆவணப்பட வேடத்தைப் படம் அந்த இடங்களில் கழற்றிவைத்துவிடுகிறது. இதை ஒழுங்குக் குறைபாடு என்று அப்போது பலர் விமர்சித்தார்கள். எனக்கு இது படத்தின் மிக நேர்மையான முடிவாகத் தெரிகிறது. கோப்புக்காக எடுக்கப்படும் காட்சியால் குடிசைக்குள் இருக்கும் தந்தையையும் மகனையும் ஒருநாளும் பார்க்க முடியாது. அவர்களைப் பார்க்க வேண்டுமானால் அந்தக் கேமராவை விட்டுவிட்டு வேறொரு கண்ணால்தான் பார்த்தாக வேண்டும்.

குடிசையொன்றில் கண்டெடுத்த குழாயிலிருந்து ஒரு கறுப்புத் திரவம் பீய்ச்சியடித்ததில் விக்கஸின் உடல் மாறத் தொடங்குகிறது. காயத்துக்குப் போட்ட கட்டை அவிழ்க்கும்போது கைக்குப் பதிலாகக் கொடுக்கு வெளிப்படுகிறது. வேற்றுக்கிரக ஆயுதங்கள் அவர்களுடைய உடலுக்கு மட்டுமே இயங்குபவை என்பதால், நேற்றுவரை ஊழியராக இருந்தவர் இன்று நிறுவனத்தின் விலைமதிப்பற்ற பொருளாகிறார். அவரைக் கட்டிவைத்து, உயிருள்ள ஒரு வேற்றுக்கிரகவாசியைச் சுட வைக்கிறார்கள். வேண்டாம் என்று அவர் கெஞ்சுகிறார். அவரை அறுத்து ஆராய ஒப்புதல் தருபவர் அவருடைய மாமனாரே. விக்கஸாக நடித்த ஷார்ல்டோ கோப்லிக்கு இதுதான் முதல் முழுநீளப் படம்; வசனங்களில் பெரும்பகுதியை அவர் படப்பிடிப்பிலேயே தானாகச் சொல்லிச் சேர்த்தார். அசட்டுச் சிரிப்பிலிருந்து விலங்கின் ஓலம்வரை அந்தக் குரல் போகும் தூரத்துக்காகவே இரண்டாம் முறை பார்க்கலாம்.

இவ்வளவு நுட்பமான படம் நைஜீரியர்களிடம் வந்ததும் தடுமாறி விழுகிறது என்பதை மனவருத்தத்தோடு எழுதுகிறேன். சேரிக்குள் ஆயுதமும் உணவும் விற்று, வேற்றுக்கிரகவாசிகளின் சதையைத் தின்றால் வலிமை வரும் என்று நம்பும் ஒரு கொள்ளைக்கூட்டமாக மட்டுமே அவர்கள் காட்டப்படுகிறார்கள். அவர்களுக்குக் குடும்பம் இல்லை, நகரத்துக்கு வந்த கதை இல்லை, தயங்கும் முகம்கூட ஒன்றும் இல்லை. தலைவனின் பெயர் நைஜீரியாவின் முன்னாள் அதிபர் ஒபசாஞ்சோவின் பெயரை ஒத்திருந்ததும் சேர்ந்துகொள்ள, அந்நாட்டுத் தகவல்துறை அமைச்சர் டோரா அகுன்யிலி படத்தைத் திரையிட வேண்டாம் என்று திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டார். அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. வேறு கோளிலிருந்து வந்தவர்களை உயர்திணைக்கு ஏற்றிய அதே படம், பக்கத்து மண்ணிலிருந்து வந்தவர்களை அஃறிணையிலேயே விட்டுவிட்டது. வந்தேறிகள் மீதான வெறுப்பைப் பற்றிய படத்தில் இது சிறு பிழையாகாது. நிறுவனத்தின் குற்றங்களை அம்பலப்படுத்தும் கறுப்பின ஊழியர் ஃபுண்டிஸ்வாவுக்கும் சில நிமிடங்களே கிடைக்கின்றன. அவர் வழியாக இதே கதையைச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாள் இருந்தது.

கடைசி அரைமணி நேரத்துத் துப்பாக்கிச் சண்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று கோடி டாலர் செலவில் இத்தனை செறிவான காட்சிகளை எடுத்தது தொழில்நுட்பத் திறமைதான். ஆனால் படிவத்தின் வன்முறையைக் காட்டிய படத்துக்குக் குண்டுகளின் வன்முறை தேவைப்பட்டிருக்க வேண்டாம். சிறந்த படத்துக்கான பரிந்துரை உள்ளிட்ட நான்கு ஆஸ்கர் பரிந்துரைகளில் படத்தொகுப்புக்கான பரிந்துரையே மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து. பல்வேறு பதிவுகளை ஒட்டிச் சேர்த்த முதல் பகுதியின் வேகம் அங்கேதான் உருவாகியிருக்கிறது. உடல் சிதறும் காட்சிகள் ஏராளமாக இருப்பதால் சிறுவர்களோடு உட்கார்ந்து பார்க்கக்கூடிய படம் இது அன்று. குறுந்தகடு வாங்குகிறவர்கள் இயக்குநரின் விளக்கவுரையையும் படம் உருவான விதத்தைக் காட்டும் ஆவணப்பகுதியையும் தவறவிட வேண்டாம்.

முடிவில் கிறிஸ்டோபர் தம் மக்களை மீட்க மூன்று ஆண்டுகளில் திரும்புவதாகச் சொல்லிவிட்டு மகனோடு விண்கலத்தில் புறப்படுகிறார். புதிய முகாமில் 25 லட்சம் பேர் அடைக்கப்பட்டிருக்கிறார்கள் என்றும், எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது என்றும் செய்தி வருகிறது. விக்கஸின் மனைவி, வாசற்படியில் யாரோ வைத்துவிட்டுப் போன உலோகப் பூ ஒன்றைப் பற்றிச் சொல்கிறார். அதைத் தன் கணவர் வைத்திருக்க மாட்டார் என்று தோழிகள் சொல்கிறார்களாம். கடைசிக் காட்சியில் குப்பைமேட்டின் நடுவே உட்கார்ந்து, கிடைத்த தகரத்தை மடித்து மடித்து ஒருவர் பூச் செய்துகொண்டிருக்கிறார். மேலோடும் கொடுக்கும் கண்களும் முற்றிலும் வேற்றுக்கிரகத்துக்கு உரியவை. படிவத்தோடு வருகிற அடுத்த அலுவலருக்கு அவர் இன்னொரு இறால்.