அணைத் தண்ணீரும் அடிப்பாறையும்: ஒரே சமன்பாடா, தனித்தனியா?

கிருஷ்ணகிரி அணை முழு நீர்மட்டமான 52 அடியில் நிற்கிறது, அடியில் கெட்டிப் பாறை, கொஞ்ச தூரத்தில் கல் குவாரியில் வெடி வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த அதிர்வு தண்ணீருக்குள் எப்படிப் போகிறது என்று கணினியில் போட்டுப் பார்க்க நினைத்தால், நிரல் எழுத உட்காரும்போதே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது, பாறைக்கான சமன்பாட்டையே தண்ணீருக்கும் வைத்து, விறைப்புக் குணகத்தை (உருவம் மாறுவதை எதிர்க்கும் அளவை) மட்டும் பூஜ்யமாக்கிவிடுவது. ஒரே நிரல், தண்ணீரும் பாறையும் தொடும் எல்லையைத் தனியாகக் கவனிக்க வேண்டாம். ஆனால் இடப்பெயர்ச்சியை வைத்துக் கணக்கிடும் முறைகளில் இது காலை வாரிவிடும். பருமன் மாறாமல் தண்ணீர் சுழன்றால் அதைத் தடுக்கச் சமன்பாட்டில் எந்த விசையும் இல்லை, அதனால் பொய்யான சுழற்சிகள் விடையில் கலந்துவிடும். அதற்குப் பயந்து தண்ணீருக்கு நொடிக்கு 1 மீட்டர் என்று சும்மா ஒரு எஸ் அலை (பக்கவாட்டில் ஆட்டும் அலை, தண்ணீரில் போகாது) வேகம் கொடுப்பது இன்னும் மோசம். 20 ஹெர்ட்ஸில் தண்ணீரில் பி அலையின் (அமுக்கி விரிக்கும் அலை) நீளம் 75 மீட்டர், இந்தப் பொய் எஸ் அலையின் நீளம் 5 சென்டிமீட்டர். அதைப் பிடிக்க எவ்வளவு நெருக்கமான கட்டம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது, தண்ணீரில் அழுத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு எல்லையில் இரண்டையும் இணைப்பது. என் ஓட்டு இதற்குத்தான். நிபந்தனைகள் மூன்றே: எல்லைக்குச் செங்குத்தான அசைவு இருபக்கமும் ஒன்று, பாறையின் செங்குத்துத் தகைவு (ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை) தண்ணீரின் அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும், பாறை முகத்தில் சறுக்குத் தகைவு பூஜ்யம். எல்லையோரமாகத் தண்ணீர் வழுக்கிப் போகலாம், தடையில்லை. தண்ணீரிலிருந்து வரும் அலைக்குத் தெரியாதவையும் மூன்றுதான்: திரும்பும் பி, உள்ளே போகும் பி, எஸ். சரிபார்ப்பதும் சுலபம். பாறையில் பி வேகம் நொடிக்கு 5.5 கி.மீ., அடர்த்தி கன மீட்டருக்கு 2,700 கிலோ என்று எடுத்தால், நேராக விழும் அலையின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட வேண்டும். சாய்வு சுமார் 16 பாகையைத் தாண்டினால் பாறைக்குள் பி அலை போகவே கூடாது. தலைவலி ஒன்றுதான்: செங்குத்துத் திசையின் குறியை மாற்றிப் போட்டால் ஆற்றல் சும்மா பெருகிக் கணக்கு வெடித்துவிடும்.

புவி இயற்பியலாளர் விரியூ 1986-ல் எழுதிய மாற்றுக் கட்ட முறையையும் சொல்ல வேண்டும். திசைவேகத்தையும் தகைவையும் அரைக் கட்டம் தள்ளித் தள்ளி வைப்பதால் அங்கே பூஜ்ய விறைப்பு பிரச்சினையே இல்லை. அடிமட்டம் தட்டையாக இருந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அணையின் அடியோ மேடும் பள்ளமும்; சரிவெல்லாம் படிக்கட்டாகி, ஒவ்வொரு படியும் அலையைச் சிதறடிக்கும். எல்லையை ஒட்டியே ஊரும் ஷோல்டே அலைக்குத்தான் இதில் பெரிய அடி.

அப்புறம், எந்த முறையானாலும் நீரின் மேல்மட்டத்தில் அழுத்தம் பூஜ்யம் என்று எழுத மறக்காதீர்கள். 16 மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 23 ஹெர்ட்ஸில் வர வேண்டிய ஒத்ததிர்வு அது இல்லாமல் அங்கே வராது.