நெட் கார்ப் கணக்கு: மூன்று வருடம் எழுதிப் பார்த்ததில் தெரிந்தது

2021 டிசம்பரில் எனக்கு எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 7.4 வந்தது, அதாவது சர்க்கரை நோய். அப்போது வயது 46, எடை 88 கிலோ. டாக்டர் மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்தார். மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடலாமா என்று அவரிடமே கேட்டு, அவர் சரி சொன்ன பிறகுதான் ஆரம்பித்தேன். இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுப்பவர்களும் மருந்தை அப்படியே வைத்துக்கொண்டு சோற்றை மட்டும் நிறுத்தினால் லோ சுகர் ஆகிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. மீட்டரில் சுகர் அவ்வளவாக ஏறாமலேயே கீட்டோஅசிடோசிஸ் (ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்தான நிலை) வரலாம். மருந்து எடுப்பவர்கள் தயவுசெய்து டாக்டரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

நான் வைத்துக்கொண்ட அளவு நாளுக்கு 40 கிராம் நெட் கார்ப். அதாவது மொத்த மாவுச்சத்தில் நார்ச்சத்தைக் கழித்துவிட்டு மிஞ்சுவது. நார்ச்சத்து சிறுகுடலில் செரித்து சர்க்கரையாக மாறுவதில்லை, அதனால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பதுதான் இதன் அடிப்படை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 'நெட் கார்ப்' என்ற சொல்லுக்கு எந்த வரையறையும் தரவில்லை. அமெரிக்க நீரிழிவு சங்கமும் மொத்த மாவுச்சத்தையே பார்க்கச் சொல்கிறது. இது தெரிந்தும் நான் நெட் கார்பையே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மொத்தத்தை வைத்து 40 கிராமுக்குள் நிற்கப் பார்த்தால் முதலில் தட்டிலிருந்து போவது கீரையும் அவரைக்காயும் தேங்காயும்தான். 100 கிராம் தேங்காயில் மாவுச்சத்து 15 கிராம், அதில் 9 கிராம் நார்ச்சத்து. அந்தத் தேங்காயை நான் விடத் தயாராக இல்லை.

முதல் ஆறு மாதத்தில் எச்பிஏ1சி 6.3க்கு இறங்கியது. அதன்பிறகு அசையவே இல்லை. நோட்டில் தினமும் 38, 40, 39 என்று எழுதியிருக்கிறது. சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் பார்த்தாலோ 150, 160 என்று நிற்கிறது. ஏழெட்டு மாதம் இப்படியே போனது. எங்கே தப்பு என்று தெரியாமல் முட்டையைக்கூடச் சந்தேகப்பட்டேன்.

லண்டனில் இருக்கும் அக்கா ஒரு பாக்கெட் விதை பிஸ்கட் அனுப்பியிருந்தாள். ஆளிவிதை, சூரியகாந்தி விதை, எள் எல்லாம் போட்டது. பின்பக்கம் 100 கிராமுக்கு மாவுச்சத்து 12, நார்ச்சத்து 20 என்று போட்டிருந்தது. வழக்கம்போலக் கழித்தேன். மைனஸ் 8 வந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டுக்குள் இருபது எப்படி அடங்கும்?

அடங்காதுதான். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் லேபிளில் 'கார்போஹைட்ரேட்' என்று போடுவது ஏற்கெனவே நார்ச்சத்தை நீக்கிய அளவு. நார்ச்சத்து தனி வரி. அமெரிக்க லேபிளில் 'மொத்த கார்போஹைட்ரேட்' என்பதற்குள்ளேயே நார்ச்சத்தும் இருக்கும். கழிக்க வேண்டியது அங்கேதான்.

அப்புறம் எனக்கு வந்த பயம் வேறு. காய்கறிகளுக்கு நான் அதுவரை பார்த்து எழுதியது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையை. அதை எடுத்து பச்சரிசி வரிசையைக் கூட்டிப் பார்த்தேன். ஈரப்பதம் 9.93, புரதம் 7.94, சாம்பல் (அதாவது தாது உப்புகள்) 0.56, கொழுப்பு 0.52, நார்ச்சத்து 2.81, மாவுச்சத்து 78.24. கூட்டினால் சரியாக 100. நார்ச்சத்தைத் தனியாக எடுத்து வைத்த பிறகு மிஞ்சியதைத்தான் மாவுச்சத்து என்று போட்டிருக்கிறார்கள். அந்த அட்டவணையில் உள்ள எண்ணே நெட் கார்ப். நான் அதிலிருந்து மறுபடியும் நார்ச்சத்தைக் கழித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கீரையும் பீன்ஸும் கொத்தவரங்காயும் நிறையச் சாப்பிடுகிற ஆள் நான். பழைய பக்கங்களைத் திருத்தி எழுதியபோது 40 என்று இருந்த நாள்கள் 52, 55 என்று வந்தன.

இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கழிப்பதற்கு முன்னால், கையில் இருக்கும் எண்ணுக்குள் நார்ச்சத்து இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க வேளாண் துறையின் தரவில் இருக்கும், நம் ஹைதராபாத் அட்டவணையில் இருக்காது. கைப்பேசிச் செயலிகளில் இரண்டு தரவும் கலந்து கிடக்கின்றன. நம் ஊர் பாக்கெட்டுகளில் நார்ச்சத்தைப் போட வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. போட்டிருந்தாலும் எந்த முறை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். உலர்ந்த பொருளாக இருந்தால் நான் ஒரு கூட்டல் போடுவேன். பாதாம் மாவு ஒன்றில் புரதம் 21, கொழுப்பு 50, மாவுச்சத்து 22, நார்ச்சத்து 12 என்று இருந்தது. கூட்டினால் 105. நூறு கிராமுக்குள் 105 கிராம் இருக்க முடியாது, ஆகவே அந்த 22க்குள் 12 அடங்கியிருக்கிறது. தாராளமாகக் கழிக்கலாம். கூட்டுத்தொகை நூறுக்குள் வந்தால் எதுவும் உறுதியில்லை. அப்போது கழிக்காமல் விட்டுவிடுவேன்.

சுகர் ஃப்ரீ இனிப்புகளிலும் ஒரு தடவை அடிபட்டேன். ஒரு சாக்லேட், 40 கிராம். மாவுச்சத்து 22, அதில் மால்டிடால் (சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் ஒரு இனிப்பூட்டி) 18, நார்ச்சத்து 2. 'நெட் கார்ப் 2 கிராம்' என்று அட்டையிலேயே பெரிதாகப் போட்டிருந்தார்கள். வேறு எதுவும் சாப்பிடாமல் சோதித்தேன். முன்னால் 104, ஒரு மணி நேரத்தில் 148. எரித்ரிடால் என்ற இன்னொரு இனிப்பூட்டி என்றால் உடம்பு அதைச் சர்க்கரையாக மாற்றாது, பெரும்பகுதி அப்படியே சிறுநீரில் போய்விடும், முழுதாகக் கழிக்கலாம். மால்டிடால் அப்படியில்லை. கணிசமான பங்கு செரித்து ரத்தத்துக்குப் போகும். அதில் பாதியையாவது கணக்கில் வையுங்கள். என்னைக் கேட்டால் அந்த சாக்லேட்டையே வாங்காதீர்கள்.

பாக்கெட்டை விடுங்கள், வீட்டுச் சமையலில் நான் கவனிக்காமல் விட்டவை இரண்டு. ஒன்று சின்ன வெங்காயம். பெரிய வெங்காயம் 100 கிராமில் நெட் கார்ப் ஏழரை கிராம் சுமார். சின்ன வெங்காயத்தில் பதின்மூன்றரை. எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் சின்ன வெங்காயம்தான். தராசில் உரித்த வெங்காயத்தைக் கொட்டிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்: "வெங்காயத்துக்குமாடா கணக்கு?"

"சின்ன வெங்காயத்துக்குத்தாம்மா கணக்கே."

இன்னொன்று புளி. குழம்புக்கு அம்மா எடுக்கும் உருண்டையை வாங்கி நிறுத்துப் பார்த்தேன், 22 கிராம். புளியில் பாதிக்கு மேல் மாவுச்சத்து, அதிலும் பெரும்பகுதி சர்க்கரை. ஒரு உருண்டைக்குப் பன்னிரண்டு கிராம் வருகிறது. நாலு பேருக்கான குழம்பு என்பதால் என் பங்கு மூன்று கிராம், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் காய்க்குப் பதிலாகக் குழம்பையே இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றிக்கொண்ட நாள்களில் மீட்டர் அதைக் காட்டியது. இப்போது அம்மா புளியைக் குறைத்துத் தக்காளி கூட்டுகிறார். தக்காளியில் 100 கிராமுக்கு மூன்று கிராமுக்கும் குறைவு.

நிறுப்பதில் இன்னொன்று: எந்த எடை என்பதை எழுதிவையுங்கள். அரிசியாக நிறுத்தால் 100 கிராமில் 78, சோறாக நிறுத்தால் 28. என் ஆரம்ப கால நோட்டில் வெறும் 'அரிசி 50 கி' என்று எழுதிய பக்கங்கள் இருக்கின்றன. அவை எதற்கும் உதவவில்லை.

கணக்கைத் திருத்திய பிறகு நான்கு மாதத்தில் 5.9 வந்தது. மெட்ஃபார்மினை டாக்டர் பாதியாகக் குறைத்தார், இன்னும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். எடை 76இல் நிற்கிறது. தினமும் தராசு எடுப்பதை ஒரு வருடம் முன்பே நிறுத்திவிட்டேன். வழக்கமான காய்களின் அளவு கண்ணுக்கும் கைக்கும் பழகிவிட்டது. புதுப் பொருள் ஏதாவது வீட்டுக்கு வந்தால் மட்டும் கூட்டல் போட்டு, நிறுத்து, முன்னும் பின்னும் ஸ்ட்ரிப் வைத்துப் பார்க்கிறேன். ஒரே அளவு, ஒரே நேரம், இரண்டு தனித்தனி நாள். இரண்டு நாளும் 30க்குள் ஏறினால் அந்தப் பொருளுக்கு என் வீட்டில் இடம் உண்டு.

போன மாதம் அக்கா மறுபடியும் அந்த விதை பிஸ்கட்டை அனுப்பியிருந்தாள். 30 கிராம் எடுத்துக்கொண்டு, நோட்டில் 3.6 என்று எழுதினேன்.