குறட்டைக்காரருக்கு மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக்கு எது காவல்?

காசிமேட்டில் வலை பின்னுகிறவர். பெருங்குடல் எண்டோஸ்கோப்பிக்கு வந்திருந்தார். "படுத்தா எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரி போற சத்தம் சார். திடீர்னு நின்னுடும், உலுக்கிப் பார்ப்பேன்" என்றார் மனைவி. கழுத்தை அளந்தேன், 43 செ.மீ. ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்றுபோகும் நோய் என்று சந்தேகப்பட இதுவே போதும்.

பாதி மயக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து வழி அடைபடும். வழக்கமாக வைக்கும் மூக்குக்குழாயில் நிமிடத்துக்கு 2 முதல் 4 லிட்டர் ஆக்ஸிஜன் போகும். மலிவு, எளிது. ஆனால் அடைபட்ட தொண்டையை அது திறக்காது. போதாக்குறைக்கு, உடம்பில் ஆக்ஸிஜன் இருப்பு இருக்கும்வரை விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும். மூச்சு நின்றதை உடனே சொல்வது, வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடை அளந்து கோடாகக் காட்டும் கேப்னோகிராஃப்தான்.

மூக்கு வழியே வேகமாகச் செலுத்தும் ஹை ஃப்ளோ கருவி நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை சூடான, ஈரமான காற்றைத் தள்ளும், தொண்டைக்குக் கொஞ்சம் அழுத்தமும் கிடைக்கும். வாய் திறந்தால் அந்த அழுத்தம் போச்சு. கேப்னோகிராஃப் கோடும் கலங்கிவிடும். முழு ஆக்ஸிஜனில் ஓட்டினால் 7,000 லிட்டர் ஜம்போ சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. சின்ன கிளினிக்குக்கு இது பெரிய விஷயம்.

என் ஓட்டு நோயாளியின் சொந்த சிபாப் மெஷினுக்கு. தூங்கும்போது மாஸ்க் வழியே காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவி அது. அழுத்தம் ஏற்கெனவே சரிபார்த்தது, மாஸ்க் முகத்துக்குப் பழகியது. கேட்டால், "ஆபரேஷனுக்குத்தானே வர்றோம், தூங்கவா?" என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள். வாய்வழி எண்டோஸ்கோப்பிக்கு மட்டும் முகம் மூடும் மாஸ்க் இடைஞ்சல்.

ஆழ்ந்த மயக்கம் தேவைப்பட்டால் மூச்சுக்குழாயில் டியூப் போட்டு முழு மயக்கமே மேல். அமெரிக்க மயக்கவியல் சங்கத்தின் 2014 வழிகாட்டுதலும் அப்படித்தான் சொல்கிறது. டியூபை எடுக்கும் நேரம்தான் கண்டம்: தலையை உயர்த்தி, ஆள் நன்றாக விழித்த பிறகே எடுக்க வேண்டும். கால் ஆபரேஷன் என்றால் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைக்கும் ஸ்பைனலே போதும். அதற்குமேல் 'நிம்மதிக்கு' என்று தூக்க மருந்து ஏற்றுவது எனக்குப் பிடிக்காது.

வலைக்காரரிடம் சிபாப் இல்லை. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, லேசான மருந்து, மூக்குக்குழாய், கூடவே கேப்னோகிராஃப். ஏழாவது நிமிடம் கோடு தட்டையானது. தாடையைத் தூக்கிப் பிடித்தேன். நாலைந்து நொடியில் கோடு மறுபடி எழுந்தது. ஆக்சிமீட்டர் அப்போதும் 98தான்.